பொறுமையுள்ள ஆசிரியருக்கு ஆராய்ச்சி எதற்கு?

கேள்வி: வாசிப்பு, சொல்லறிதல், டிஸ்லெக்சியா எனும் வாசிப்புக் குறைபாடு என்று நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்துகொண்டே இருக்கிறார்கள். கண் அசைவை அளக்கிறார்கள், மூளையைப் படம் பிடிக்கிறார்கள். இவற்றால் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளைக்கு என்ன பயன்? அந்தக் காலத்தில் திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதியே படித்தார்கள். பொறுமையும் அன்பும் உள்ள ஓர் ஆசிரியர் போதாதா?

வாசிக்கத் திணறும் பிள்ளைகளோடு இருபது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். பொறுமையும் அன்பும் வேண்டும் என்பதில் உங்களோடு எனக்குக் கருத்து வேறுபாடே இல்லை. ஆனால் அவை மட்டும் போதுமா என்று கேட்டால், ஒரு பிள்ளையைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்.

நான்காம் வகுப்புச் சிறுமி. "நன்றாகத்தான் வாசிக்கிறாள், பரீட்சையில்தான் மார்க் வருவதில்லை" என்று சொல்லி அவளுடைய அம்மா அழைத்து வந்திருந்தார். தமிழ்ப் பாடநூலைத் திறந்து முன்னால் வைத்தேன். வரியின் மேல் விரலை நகர்த்திக்கொண்டே ஒரு பக்கத்தைத் தடங்கலில்லாமல் சொல்லி முடித்தாள். விரல் மட்டும் குரலைவிட ஒரு வரி முந்திப் போயிருந்தது. பக்கத்தின் நடுவில் 'கிளையில்' என்ற சொல்லைத் தொட்டு, "இது என்னம்மா?" என்று கேட்டேன். உதடுகள் மெல்ல அசையத் தொடங்கின. பாடத்தின் முதல் வரியிலிருந்து மனத்துக்குள் ஓட்டிக்கொண்டு வந்து, அந்த இடத்தை அடைந்ததும் "கிளையில்" என்றாள். சரியான விடை. அதே சொல்லை ஒரு துண்டுத் தாளில் தனியாக எழுதிக் காட்டினேன். அவளால் வாசிக்க முடியவில்லை.

அந்த வீட்டில் அன்புக்கு ஒரு குறையும் இல்லை. அக்கா தினமும் இரவு பாடத்தை வாசித்துக் காட்டியிருக்கிறாள். ஞாபகசக்திக்கென்று பாட்டி வல்லாரைத் துவையல் அரைத்துக் கொடுத்திருக்கிறார். வகுப்பு ஆசிரியை ஒருநாள்கூட அவளைக் கடிந்துகொண்டதில்லை. மூன்று ஆண்டுகளாக இத்தனை பேருடைய பொறுமையும் அவளுடைய மனப்பாடத்தைத்தான் வளர்த்திருந்தது. வாசிப்பை ஓர் அங்குலம்கூட நகர்த்தவில்லை. சொல்லைத் தனியே எடுத்துக் காட்ட வேண்டும், அதன் பிறகு 'தொமிகு', 'பெனுசை' என்று பொருளே இல்லாத சொற்களைக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு இயல்பாக வந்த அறிவில்லை. பொருளில்லாச் சொல்லை நினைவிலிருந்து ஒப்பிக்க முடியாது, படத்தைப் பார்த்து ஊகிக்கவும் முடியாது. எழுத்தை ஒலியாக்கத் தெரிந்தால் மட்டுமே வாயில் வரும். வாசிப்பு ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் சோதித்து உருவாக்கிய வழி அது. எனக்கு அது ஐந்து நிமிட வேலையாகக் கிடைத்தது.

இங்கிலாந்தின் தென்கரையில் சீஃபோர்டு என்ற சிற்றூர். அங்கே மருத்துவராக இருந்த பிரிங்கிள் மோர்கன் 1896 நவம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு குறிப்பு எழுதினார். பெர்சி என்ற பதினான்கு வயதுச் சிறுவனைப் பற்றியது அது. கெட்டிக்காரன், விளையாட்டில் சுறுசுறுப்பானவன், கணக்கு நன்றாக வரும், எண்களைத் தயங்காமல் வாசிப்பான். ஏழு வயதிலிருந்து விடாமல் சொல்லிக்கொடுத்தும் ஓரசைச் சொற்களைத் தாண்டி வாசிக்க முடியவில்லை. தன் பெயரையே எழுத்து இடம் மாறி 'பிரெசி' என்று எழுதினான்; ஒரு தடவைக்கு மேல் சுட்டிக்காட்டிய பிறகுதான் பிழை அவன் கண்ணில் பட்டது. பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதாக மோர்கன் பதிவு செய்திருக்கிறார்.

இந்தக் குறிப்பைப் படிக்கும்போதெல்லாம் அந்த ஆசிரியரை நினைத்துக்கொள்வேன். நீங்கள் சொல்லும் பொறுமைசாலி அவர்தான். மாணவனை மட்டம் தட்டவில்லை, அவனுடைய அறிவைச் சரியாக எடை போட்டிருந்தார். ஆனால் அடுத்து என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. மோர்கனுக்கும் தெரியவில்லை. பிறவியிலேயே வந்த 'சொல் குருடு' என்று பெயர் வைத்தார். ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அந்தப் பெயரில் இருந்த 'குருடு'தான் எல்லோரையும் வழிநடத்தியது. கோளாறு பார்வையில் இருக்கிறது, பிள்ளைக்கு எழுத்துகள் தலைகீழாகத் தெரிகின்றன என்று படித்தவர்களும் பாமரர்களும் ஒருசேர நம்பினார்கள். நம்மிடம் வரும் பெற்றோரில் பலர் இன்றும் அப்படித்தான் நம்புகிறார்கள்.

1970களில் நியூயார்க் மாநிலத்தில் ஃபிராங்க் வெலுட்டினோ என்ற உளவியலாளர் இதை நேரடியாகச் சோதித்தார். நன்றாக வாசிக்கும் பிள்ளைகள், திணறும் பிள்ளைகள் இருதரப்பையும் கூட்டி, ஹீப்ரு எழுத்துகளைச் சற்று நேரம் காட்டி மறைத்துவிட்டு, நினைவிலிருந்து வரையச் சொன்னார். இருதரப்பிலும் யாருக்கும் ஹீப்ரு தெரியாது. பார்வையில் கோளாறு இருந்தால் திணறும் பிள்ளைகள் பின்தங்கியிருக்க வேண்டும். அவர்கள் பின்தங்கவில்லை, மற்றவர்களைப் போலவேதான் வரைந்தார்கள். இன்னொரு சோதனையில், ஒரு சொல்லைத் தப்பாக வாசித்த பிள்ளை, பார்த்ததை எழுதச் சொன்னபோது எழுத்து முறை மாறாமல் எழுதியது. கண் சரியாகப் பார்த்திருக்கிறது. பார்த்ததற்கு உரிய ஒலிதான் வரவில்லை.

ஆங்கிலத்தின் b, d எழுத்துகளைச் சிறு பிள்ளைகள் மாற்றி எழுதுவது எதனால் என்பதற்கும் பின்னால் விளக்கம் கிடைத்தது. ஒரு நாற்காலியை இடமிருந்து பார்த்தாலும் வலமிருந்து பார்த்தாலும் அது நாற்காலிதான் என்று கொள்ளும்படிதான் மூளை பழகியிருக்கிறது. எழுத்துக்கு மட்டும் அந்தப் பழக்கத்தை விட வேண்டியிருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் ஆறு, ஏழு வயதுவரை இதில் தடுமாறுகிறார்கள். ஆகவே எழுத்தைத் திருப்பிப் போடுகிறான் என்பதை மட்டும் வைத்து ஒரு பிள்ளைக்கு டிஸ்லெக்சியா என்று முடிவு கட்டக் கூடாது.

ஒலி எங்கே வழுக்குகிறது? 1974இல் இசபெல் லிபர்மனும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவில் சிறு பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு வைத்தார்கள். ஒரு சொல்லைச் சொல்லி, அதில் எத்தனை துண்டுகள் உண்டோ அத்தனை முறை மேசையில் தட்டச் சொன்னார்கள். சொல்லை அசைகளாகப் பிரித்துத் தட்டுவது நான்கு வயதுப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வந்தது. தனித்தனி ஒலிகளாகப் பிரிப்பது அந்த வயதில் ஒருவருக்குக்கூட வரவில்லை. முதல் வகுப்பு முடிவில் 70 சதவீதம் பேருக்கு வந்தது. 1979இல் போர்ச்சுகலில் நடந்த ஓர் ஆய்வு இன்னும் வியப்பானது. எழுதப்படிக்கத் தெரியாத பெரியவர்களை ஒரு சொல்லின் முதல் ஒலியை நீக்கிச் சொல்லச் சொன்னார்கள். பெரும்பாலும் முடியவில்லை. அவர்களைப் போலவே வளர்ந்து, பெரியவர்களான பிறகு எழுத்தறிவு பெற்றவர்களுக்கு அது வந்தது. பேச்சு ஒலிகளாகப் பிரியும் என்கிற அறிவு தானாக முளைப்பதில்லை, எழுத்தோடு சேர்ந்து வளர்கிறது. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வழி அடைபடுவது இந்த இடத்தில்தான்.

கண்டுபிடித்தால் மட்டும் போதுமா, மாற்ற முடியுமா என்று கேட்பீர்கள். ஆக்ஸ்ஃபோர்டில் லினெட் பிராட்லியும் பீட்டர் பிரையன்டும் 1983இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வைத்தான் அதற்குச் சொல்வேன். ஒலி வேறுபாடு பிடிபடாத 65 குழந்தைகளை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஒலிகளை இனம் பிரிக்கும் பயிற்சி மட்டும். இன்னொரு குழுவுக்கு அதே பயிற்சியோடு, அந்த ஒலிக்குரிய பிளாஸ்டிக் எழுத்துகளைக் கையில் எடுத்து வைக்கும் வேலையும் சேர்ந்தது. மூன்றாவது குழுவும் அதே படங்களைப் பொருள்வாரியாக இனம் பிரித்தது. நான்காவதற்குப் பயிற்சி இல்லை. இரண்டு ஆண்டுகளில் மொத்தம் நாற்பது அமர்வுகள்தான். ஒலியையும் எழுத்தையும் சேர்த்துப் பயின்ற குழுவே வாசிப்பிலும் எழுத்துக்கூட்டலிலும் தெளிவாக முன்னால் நின்றது. மூன்றாவது குழுவை நான் முக்கியமாகச் சொல்வேன். அந்தப் பிள்ளைகளுக்கும் அதே அளவு கவனிப்பு, அதே முகங்கள், அதே நேரம் கிடைத்தது. கவனிப்பு மட்டும் அந்த முன்னேற்றத்தைத் தரவில்லை. உங்கள் கேள்விக்கு இவ்வளவு நேரடியான பதில் வேறெதுவும் எனக்குத் தெரியாது.

நன்றாக வாசிப்பவர்கள் சொற்களை ஊகித்துக்கொண்டே போகிறார்கள், ஆகவே பிள்ளைகளையும் படத்தையும் சூழலையும் வைத்து ஊகிக்கப் பழக்க வேண்டும் என்ற கருத்து 1967 முதல் அமெரிக்காவில் வேகமாகப் பரவியது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். கீத் ஸ்டானோவிச், ரிச்சர்ட் வெஸ்ட் இருவரும் அதை நம்பி, நிரூபிப்பதற்காகவே சோதனைகளைத் தொடங்கினார்கள். முடிவு நேர்மாறாக வந்தது. சூழலை அதிகம் நம்பியவர்கள் திணறும் வாசகர்கள். நல்ல வாசகர்கள் சொல்லைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டார்கள். ஊகிக்கும் தேவையே அவர்களுக்கு எழவில்லை. கண் அசைவை அளந்தவர்களும் இதையே கண்டார்கள். தேர்ந்த வாசகரின் கண் ஓரிடத்தில் கால் விநாடிக்குச் சற்றுக் குறைவாக நிற்கிறது, அடுத்த இடத்துக்குத் தாவுகிறது, பொருள் தரும் சொற்களில் பெரும்பாலானவற்றின் மேல் நேராக விழுகிறது. எழுத்தைப் பார்க்காமல் தாண்டிப் போகும் வாசிப்பு என்று ஒன்று இல்லை. என் சிறுமி படத்தையும் நினைவையும் வைத்து மூன்று ஆண்டுகள் ஓட்டினாளே, அதை ஒரு கற்பித்தல் முறையாகவே பல நாடுகளில் பல பத்தாண்டுகள் சொல்லிக்கொடுத்தார்கள். தங்கள் நம்பிக்கை தவறு என்று தெரிந்ததும் அதை அப்படியே எழுதி வெளியிட்ட அந்த இருவர் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

சிறுமி என்று சொன்னதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. டிஸ்லெக்சியா ஆண் பிள்ளைகளுக்குத்தான் அதிகம் என்று நெடுங்காலம் எண்ணினார்கள். சாலி ஷேவிட்ஸ் குழுவினர் கனெக்டிகட்டில் ஒரு தலைமுறைப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 1990இல் முடிவை வெளியிட்டார்கள். பள்ளிகள் இனங்கண்டு அனுப்பிய இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளில் பையன்கள் நான்கு மடங்கு அதிகம். எல்லாப் பிள்ளைகளையும் ஆய்வாளர்களே சோதித்தபோது பையன்களுக்கும் பெண்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வாசிக்க வராத பையன் வகுப்பில் ரகளை செய்கிறான். ஆசிரியர் கண்ணில் படுகிறான். பெண் பிள்ளை அமைதியாக இருந்து, பார்த்தபடியே அழகாக எழுதி, மனப்பாடம் செய்து ஒப்பேற்றிவிடுகிறாள். நம் வகுப்பறைகளில் இப்படி எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

புத்திசாலியாக இருந்து வாசிக்க முடியாமல் போனால்தான் டிஸ்லெக்சியா என்ற அளவுகோலும் ஆராய்ச்சியால்தான் சரிந்தது. நுண்ணறிவு எண் கூடியிருந்தாலும் குறைந்திருந்தாலும், சொல்லறிதலில் திணறும் பிள்ளைகளின் சிக்கல் ஒரே மாதிரியானது, உதவும் பயிற்சியும் ஒன்றுதான் என்று தெரிந்தது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க் கையேடு 2013இல் அந்த நிபந்தனையைக் கைவிட்டது. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் பட்டியலில் சேர்த்தது பெரிய செய்தி. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு எல்லாம் கிடைக்க வழி பிறந்திருக்கிறது. ஆனால் முதல் வேலையாக மொழிப்பாட விலக்குக் கேட்டு ஓடி வரும் பெற்றோரைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளைக்குத் தேவை வாசிப்புப் பயிற்சி. விலக்கைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

மூளைப் படம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஸ்கேன் எடுத்து ஒரு பிள்ளைக்கு டிஸ்லெக்சியா என்று சொல்ல முடியாது. அப்படிச் சொல்லிப் பணம் கேட்பவரிடம் போகாதீர்கள். ஆனால் பிரேசிலிலும் போர்ச்சுகலிலும் எழுத்தறிவில்லாதவர்கள், பெரியவர்களான பின் கற்றவர்கள், சிறு வயதிலேயே கற்றவர்கள் ஆகியோரை ஸ்டானிஸ்லாஸ் டெஹான் குழு ஒப்பிட்ட 2010ஆம் ஆண்டு ஆய்வு, பெரியவர்களான பிறகு எழுத்துக் கற்றாலும் மூளை மாறுகிறது என்று காட்டியது. முதியோர் வகுப்புக்கு வர வெட்கப்படும் ஓர் அம்மாவிடம் இதை நான் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

வண்ணக் கண்ணாடித் தாளைப் புத்தகத்தின் மேல் வைத்தால் சரியாகும், கண் பயிற்சி செய்தால் சரியாகும் என்கிறவர்கள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். இவற்றுக்குத் தகுந்த ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009இல் கூட்டாக அறிவித்தார்கள். கண்ணையும் காதையும் ஒருமுறை பரிசோதிப்பது அவசியம். அதற்கு மேல் அந்த வழியில் செலவழிக்கும் ஒவ்வொரு மாதமும் பிள்ளைக்கு நட்டம். எழுத்துகளுக்கு இடையே இடைவெளியைக் கூட்டி அச்சிட்டால் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகள் மேலும் நன்றாக வாசிக்கிறார்கள் என்று இத்தாலி, பிரான்ஸ் பிள்ளைகளிடம் 2012இல் கண்டறிந்தார்கள். அதற்குச் செலவே இல்லை.

இனி தமிழுக்கு வருகிறேன், ஏனென்றால் என் கவலை அங்கேதான் இருக்கிறது. மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி ஆங்கிலப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு. ஆங்கில எழுத்து மிகவும் முரண்டு பிடிப்பது. ஐரோப்பிய மொழிகளை ஒப்பிட்டு 2003இல் வெளியான ஆய்வில், முதல் வகுப்பு முடிவில் ஃபின்லாந்து, கிரேக்கம், இத்தாலி, ஸ்பெயின் பிள்ளைகள் பழகிய சொற்களில் 95 சதவீதமோ அதற்கு மேலோ சரியாக வாசித்தார்கள். ஆங்கிலத்தில் கற்ற ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் 34 சதவீதம்தான். எழுத்தும் ஒலியும் ஒத்துப்போகும் மொழிகளில் டிஸ்லெக்சியா பிழையாக வெளிப்படுவதைவிட வேகக் குறைவாகவே வெளிப்படும் என்று ஜெர்மன் பேசும் பிள்ளைகளை ஆராய்ந்த ஹைன்ஸ் விம்மர் காட்டினார்.

இதைப் படித்த பிறகுதான் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனை எனக்குச் சரியாகப் புரிந்தது. ஒரு பிழைகூட விடமாட்டான். 'போய்க்கொண்டிருந்தார்கள்' என்ற சொல்லை 'போ... ய்... க்... கொ... ண்... டி...' என்று ஒவ்வோர் எழுத்தாக ஏறி முடிப்பான். கடைசி எழுத்துக்கு வரும்போது முதல் எழுத்து மறந்திருக்கும். பத்து வரிக்கு நான்கு நிமிடம். பிழையை எண்ணும் சோதனையில் அவன் தேறிவிடுவான். கையில் கடிகாரம் வைத்துக்கொண்டு கேட்டால்தான் அவன் படும் பாடு தெரியும்.

தமிழுக்கென்று தனிச் சிக்கல்களும் உண்டு. உயிர் 12, மெய் 18 என்று இரண்டையும் பிரித்துக் காட்டாவிட்டால் 247 எழுத்தும் பிள்ளைக்கு 247 படங்கள்தான். 'கெ' எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது, ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ'வில் இருபுறமும் குறி. உகர வரிசையில் கு, டு, து, பு எல்லாம் ஆளுக்கொரு வடிவம். வீட்டில் 'இருக்கு' என்று பேசிவிட்டுப் புத்தகத்தில் 'இருக்கிறது' என்று வாசிக்க வேண்டும். இவற்றில் எது பிள்ளையை அதிகம் தடுக்கிறது, எந்த வரிசையில் சொல்லித் தந்தால் எளிது என்பதற்கு லண்டனிலிருந்தோ பாஸ்டனிலிருந்தோ பதில் வராது. கன்னடத்தில் சோனாலி நாக் செய்த ஆய்வு நமக்கு நெருங்கிய வழிகாட்டி: எழுத்துகளின் தொகுதி பெரிதாக இருப்பதால் அவற்றைக் கற்று முடிக்கத் தொடக்கப் பள்ளியின் பல ஆண்டுகள் பிடிக்கின்றன, ஒலிப் பகுப்பு அறிவும் மெதுவாகவே வருகிறது என்று 2007இல் எழுதினார். மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2015இல் வெளியிட்ட டிஸ்லெக்சியா சோதனைத் தொகுப்பு முதலில் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகியவற்றில் வந்தது. தமிழ்ப் பிள்ளைகளைத் தமிழில் சோதித்து, வகுப்புவாரியாக எத்தனை சொல் ஒரு நிமிடத்துக்கு எதிர்பார்க்கலாம் என்று பெரிய அளவில் கணக்கெடுக்க வேண்டும். அந்த வேலைக்கு நிதியும் ஆளும் வேண்டும் என்று எந்த மேடையிலும் கேட்கத் தயாராக இருக்கிறேன்.

திண்ணைப் பள்ளியைக் குறிப்பிட்டீர்கள். மணலில் விரலால் எழுதி வாயால் சொன்ன அந்த முறையில் நல்லது இருந்தது. நானும் இன்று தட்டில் அரிசி பரப்பி எழுத வைக்கிறேன். ஆனால் எல்லோரும் படித்தார்கள் என்பதை ஏற்க முடியவில்லை. 1901ஆம் ஆண்டு கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுதப்படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஐந்தாறு பேர்தான். பெரும்பாலோரைத் திண்ணைக்கே விடவில்லை. வந்தும் வாசிக்க வராதவர்கள் மாடு மேய்க்கப் போனார்கள். அவர்களைப் பற்றிக் குறிப்பெழுத ஒரு மோர்கன் இல்லை.

அந்தச் சிறுமிக்கு நாங்கள் செய்தது மிகச் சாதாரணமான வேலை. க், அ என்று இரண்டு அட்டைகள். இரண்டையும் ஒட்டினால் க. துணைக்காலுக்கு ஓர் அட்டை, கொம்புக்கு ஓர் அட்டை. ஒரு நாளைக்கு இருபது நிமிடம், பதினான்கு மாதம். வேகம் இன்றும் குறைவுதான். சென்ற மாதம் பஸ்ஸில் வரும்போது ஒரு கடைப் பெயர்ப்பலகையை வாசித்துவிட்டு, "இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை" என்று அம்மாவிடம் சொன்னாளாம்.

நீங்கள் ஆசிரியராக இருந்தால், நாளை வகுப்பில் கடகடவென்று வாசிக்கும் அமைதியான பிள்ளை ஒருத்தியைக் கூப்பிட்டு, பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் கேளுங்கள். அவள் உதடுகளைக் கவனியுங்கள்.